பாரிசவாதம் வந்து ஏழு வாரம்: வீட்டில் அப்பாவுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?

திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 61 வயது, கடல்தொழில் செய்தவர். ஏழு வாரத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் வழங்காமல் போய்விட்டது. இப்போது பிடித்தால் எழும்பி நிற்கிறார், கை தோளில் மட்டும் கொஞ்சம் அசைகிறது, விரல்கள் மடங்கியே இருக்கின்றன, பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தபிறகு பிசியோதெரபிக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் கூட்டிப்போக முடிகிறது, ஓட்டோக் காசு கட்டுப்படியாகவில்லை. வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளை எழுதித் தரச்சொல்லிக் கேட்கிறீர்கள். ஏலாத கையைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்க மாமா கிணற்றுக் கப்பி ஒன்றை வாங்கிக் கூரை வளையில் கட்டியிருக்கிறார், பக்கத்து வீட்டில் ரப்பர் பந்து கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதத்துக்குள் வராதது பிறகு வராது என்று யாரோ சொல்லிப் பயப்படுத்தியிருக்கிறார்கள். இதையெல்லாம் வாசிக்கும்போது நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று என்று படுகிறது: ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத அந்தப் பதின்மூன்று நாளும் நாங்கள் செய்வது போதுமா, பிழையாகச் செய்து கெடுத்துவிடுவோமா, இன்னும் ஆறு கிழமையில் கதவு மூடிவிடுமா? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். பயிற்சிகள் அதற்குள்ளேயே வரும்.

நான் பிசியோதெரபி படித்து இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். அதில் பெரும்பகுதி திருகோணமலைப் பக்கம்தான். வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததும் நிறைய. ஆனாலும் உங்கள் அப்பாவை நான் தொட்டுப் பார்க்கவில்லை. தோள்மூட்டு இறங்கியிருக்கிறதா, தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, தொடு உணர்வு எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் எழுத்தில் தெரியாது. ஆகவே கீழே சொல்வதை அடுத்தமுறை போகும்போது உங்கள் பிசியோவிடம் காட்டுங்கள். அவர் ஏதாவது ஒன்றை வேண்டாம் என்றால் அவர் சொல்வதையே கேளுங்கள். அவர் கண்ணால் பார்த்தவர்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் கைத்தசையில் பழுது இல்லை. பழுது மூளையின் இடப்பக்கத்தில். கையை அசை என்ற கட்டளை போகும் வழி அடைபட்டிருக்கிறது. உயிரோடிருக்கும் மற்ற நரம்புக் கலங்கள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பெடுக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் அவராக முயற்சி செய்தால்தான் நடக்கும். நீங்கள் அவருடைய கையைப் பிடித்து நூறு தடவை ஆட்டிவிட்டால் மூட்டு இறுகாமல் இருக்க உதவும், மூளைக்குப் போய்ச் சேருவது குறைவு. அவரே முக்கி முனகி அரை அங்குலம் நகர்த்தினால் அதுதான் பயிற்சி. எண்ணிக்கையும் முக்கியம். 2009இல் வெளிவந்த ஒரு வட அமெரிக்க ஆய்வில், சிகிச்சை நேரங்களில் பக்கத்தில் இருந்து எண்ணிப் பார்த்தார்கள். வழங்காத கையால் ஒரு வேலையைச் செய்யும் பயிற்சி ஒரு தடவைக்குச் சராசரியாக 32 முறைதான் நடந்திருந்தது. விலங்குகளில் மூளை மாறியதைக் காட்டிய பரிசோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை செய்ய வைத்திருந்தார்கள். வசதியுள்ள நாடுகளிலும் சிகிச்சை நேரம் மட்டும் போதவில்லை என்பதுதான் இதன் பொருள். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் போக முடிகிறது என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லத் தேவையில்லை. கிழமைக்கு மூன்று நாள் போனாலும் மிச்ச நேரம் வீட்டில்தானே கழியும்.

அதேநேரம் எனக்குப் பிடிக்காத ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பாரிசவாத நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், முடிவு 2017இல் வந்தது. குடும்பத்தவருக்குப் பயிற்சிமுறைகளைச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்ய வைத்த பாதிப்பேரையும், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்ற பாதிப்பேரையும் ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். இறந்தவர்களும் மற்றவர் தயவில் வாழ்பவர்களும் இரு பக்கமும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. எங்களைப் போன்ற குடும்பங்கள், எங்களைப் போன்ற வீடுகள், அதனால் இந்த முடிவு என்னைக் கனநாள் யோசிக்க வைத்தது. வீட்டுப் பயிற்சி வீண் என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பத்தவருக்குச் சில மணித்தியாலம் சொல்லிக்கொடுத்து அனுப்புவது மட்டும் போதாது, வீட்டுக்குப் போனபின் எவ்வளவு தடவை, எவ்வளவு கடினமாக நடக்கிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இது என் கருத்து, நிரூபிக்கப்பட்டதில்லை. பாரிசவாதத்துக்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த வேலை மேம்படும் என்பதற்கு மட்டும் நல்ல ஆதாரம் இருக்கிறது. அதனால்தான் இருபது பயிற்சி கொண்ட பட்டியலைத் தராமல் நான்கைந்தை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன்.

பயிற்சி தொடங்க முன் மாமாவிடம் சொல்லி அந்தக் கப்பியைக் கழற்றுங்கள். அவர் அன்பில்தான் கட்டியிருக்கிறார், நல்ல மாதிரி எடுத்துச் சொல்லுங்கள். தோள்மூட்டு என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் பந்து போன்றது. அதைச் சுற்றியிருக்கும் தசைகள்தான் இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தத் தசைகள் வழங்காதபோது கையின் பாரத்திலேயே பந்து கீழே இறங்கும். அந்த நிலையில் கயிற்றில் கையைக் கட்டி மேலே இழுத்தால், தோள்பட்டை எலும்பு கூடவே திரும்பாமல் நடுவில் உள்ள தசைநார் நசுங்கும். 1990இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் கப்பி பாவித்தவர்களில் 62 சதவீதம் பேருக்குத் தோள்வலி வந்தது. சிகிச்சையாளர் கையால் மெதுவாக அசைத்துவிட்டவர்களில் 8 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் நான் வீடுகளில் பார்த்ததும் அதையே சொல்கிறது. தோள்வலி வந்துவிட்டால் ஆள் கையைத் தொடவே விடமாட்டார், இரவில் நித்திரை போய்விடும், பிறகு எந்தப் பயிற்சியும் நடக்காது.

இதே காரணத்துக்காக அவரைத் தூக்கும்போது வழங்காத கையைப் பிடித்து இழுக்கவோ கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கவோ வேண்டாம். வீட்டுக்கு வந்துபோகும் உறவினர்களுக்கும் சொல்லி வையுங்கள், பெரும்பாலும் அவர்கள்தான் கையைப் பிடித்து இழுத்து எழுப்புவார்கள். இடுப்பில் ஒரு துவாயை மடித்து இறுக்கிக் கட்டி அதைப் பிடியுங்கள். கதிரையில் இருக்கும்போது வலக்கை தொங்கக் கூடாது. மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் முழங்கை முதல் விரல் வரை தாங்கும்படி வைக்க வேண்டும், அல்லது பக்கத்து மேசையில் வைக்கலாம். படுக்கும்போது மல்லாக்காகவே கிடக்க விடாமல் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். வலப்பக்கம் சரிந்தும் படுக்கலாம், பயம் வேண்டாம். ஆனால் தோள் உடம்புக்குக் கீழே நசுங்காமல் முன்பக்கம் இழுத்து வைக்க வேண்டும்.

இனிப் பயிற்சி. ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் நான் கதிரையிலிருந்து எழும்பி நின்று திரும்ப இருக்கும் பயிற்சியைத்தான் சொல்வேன். கால், இடுப்பு, உடம்புச் சமநிலை எல்லாம் ஒன்றாகப் பழகும். மலகூடத்துக்குப் போகவும் கட்டிலால் இறங்கவும் தேவையான அசைவும் அதுவே. உறுதியான மரக்கதிரை எடுத்துச் சுவரோடு அணைத்து வையுங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், அது சறுக்கும். இருக்கை முழங்காலைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால் தொடக்கத்தில் இலகு. பாயை மடித்துப் போட்டு உயர்த்தலாம், வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வர வேண்டும். இரண்டு பாதமும் தட்டையாக நிலத்தில், குதிக்கால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால். இனி முன்னுக்குக் குனிந்து, மூக்கு கால்விரல்களைத் தாண்டும்வரை வந்து, அப்புறம் எழும்ப வேண்டும். எழும்ப முடியவில்லை என்று சொல்பவர்களில் அரைவாசிப்பேர் குனியாமல் நேரே மேலே வரப் பார்ப்பவர்கள்தான். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பின்னுக்குச் சாய்வார்கள். முன்னால் ஒரு மேசையைப் போட்டுவிட்டால் அந்தப் பயம் குறையும்.

நீங்கள் அவருடைய வலப்பக்கம் நில்லுங்கள். ஒரு கை இடுப்புத் துவாயில். அவருடைய வலது முழங்கால் மடிந்து விழப் பார்த்தால் உங்கள் முழங்காலால் முன்னுக்கு அணை கொடுங்கள். எழும்பும்போது முழுப் பாரத்தையும் இடக்காலில் போட்டுவிட்டு வலக்காலைச் சும்மா வைத்திருப்பார். கவனித்துப் பார்த்தால் தெரியும், உடம்பு இடப்பக்கம் சரியும். அதைத் திருத்த ஒரு சின்ன வழி இருக்கிறது. இடது பாதத்தை வலது பாதத்தைவிட அரை அடி முன்னால் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் வலக்கால் தானாக வேலை செய்தாக வேண்டும். இருக்கும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், அந்த இறக்கத்திலும் நிறையப் பலன் இருக்கிறது. ஐந்து தடவை, ஒரு சின்ன ஓய்வு, திரும்ப ஐந்து. காலை, பத்துமணித் தேத்தண்ணிக்கு முன், பின்னேரம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று பிரித்தால் ஒரு நாளைக்கு நாற்பது வந்துவிடும். இரண்டு மூன்று கிழமையில் இலகுவாகிவிட்டால் மடித்த பாயை எடுத்துவிட்டு இருக்கையைத் தாழ்த்துங்கள். கஷ்டம் இல்லாமல் செய்யத் தொடங்கியதும் கொஞ்சம் கடினமாக்க வேண்டும்.

கட்டிலில் செய்ய ஒன்று. மல்லாக்கப் படுத்து இரண்டு முழங்காலையும் மடித்துப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி ஐந்து எண்ணும்வரை வைத்திருப்பது. வலது பாதம் வழுக்கினால் நீங்கள் பிடியுங்கள். மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். அவரால் முடிந்தால் அவரே எண்ணட்டும், பேச்சுக்கும் நல்லது.

நிற்பதற்கு, மேசையையோ யன்னல் கட்டையையோ இடக்கையால் பிடித்துக்கொண்டு பாரத்தை வலக்காலுக்கு மாற்றி மாற்றிப் பழக வேண்டும். அது வந்தபிறகு முன்னால் ஒரு தடித்த பலகையை வைத்து இடக்காலைத் தூக்கி அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். எல்லோரும் வலக்காலைத்தான் தூக்கப் பழக்குவார்கள். நல்ல காலைத் தூக்கும் நேரத்தில்தான் வழங்காத கால் முழுப் பாரத்தையும் தாங்குகிறது, அந்தத் தாங்கும் பலம் வந்தால்தான் நடை வரும். நடக்கும்போது நீங்கள் வலப்பக்கம் சற்றுப் பின்னால், தடி அவருடைய இடக்கையில். தடி, வலக்கால், இடக்கால் என்ற ஒழுங்கு. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஏலாத கால் முதலில். பாதம் தொங்கி விரல்கள் நிலத்தில் இழுபட்டால் அதற்கென்று கணுக்காலைத் தாங்கும் கவசம் இருக்கிறது, பிசியோவிடம் கேளுங்கள். சாரத்தோடு நடை பழக விடாதீர்கள், தடக்கி விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கட்டைக் காற்சட்டை நல்லது. ரப்பர்ச் செருப்பும் வேண்டாம், பின்பட்டி உள்ள சப்பாத்து அல்லது வெறுங்கால். கடற்கரை மணலில் நடந்தால் கால் பலப்படும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். வீட்டுத் தரையில் பிடியில்லாமல் நடக்க வந்தபிறகு போகலாம். அதற்கு முன் அந்தப் புதை மணலில் கணுக்கால் பிரண்டுவிடும். குளிப்பு கிணற்றடியில் என்றால் கதிரையில் இருத்தி நீங்கள் வார்த்துவிடுங்கள், பாசி பிடித்த சீமெந்தில் நிற்க வைக்க வேண்டாம்.

கைதான் கடினம். அதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் கால் முன்னுக்கு வரும், கை பிந்தும், சிலருக்குக் கை வராமலே போகும். ரப்பர் பந்து பற்றிக் கேட்டீர்கள். பந்தை அமத்தினால் இறுக்கம் கூடும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். பலப்படுத்தும் பயிற்சியால் இறுக்கம் கூடுவதாகப் பின்னால் வந்த ஆய்வுகளில் காணவில்லை, ஆகவே பந்து கெடுதல் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அப்பாவின் விரல்கள் ஏற்கெனவே மடங்கித்தான் இருக்கின்றன. அவருக்கு மடக்கத் தெரிகிறது, விரிக்கத்தான் தெரியவில்லை. விரிக்கத் தெரியாத கைக்கு அமத்தும் பயிற்சி கொடுத்து என்ன? பந்தை லாச்சிக்குள் வைத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள். மேசைக்கு முன் நேராக இருத்தி, வலக்கையின் கீழ் ஒரு துவாயை விரித்து, கையால் அதை முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். முழங்கை நீளும்வரை தள்ளி, திரும்ப இழுத்து. முதலில் இடக்கை மேலே இருந்து உதவலாம், பிறகு உதவியைக் குறைக்க வேண்டும். தோளைக் காதுப்பக்கம் தூக்கினாலோ உடம்பைச் சரித்தாலோ நிறுத்தி, தூரத்தைக் குறைத்துச் சரியாகச் செய்ய வையுங்கள். துவாய் போகிற இடத்தில் ஒரு பேணியை வைத்து அதைத் தட்டச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரு பொருளைத் தொடுவதற்காக நீட்டும் கை, சும்மா நீட்டும் கையைவிட நன்றாக நீளும். நான் வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன்.

விரலில் சின்ன அசைவு ஒன்று வந்துவிட்டால், முக்கியமாகத் தானாக நீட்டும் அசைவு வந்தால், எனக்கு உடனே நம்பிக்கை கூடும். கை எந்தளவு திரும்பும் என்று கணிக்க நாங்கள் தொடக்க நாட்களிலேயே தேடும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அந்த நிலைக்கு வந்தபின் பிடிப்பதைவிட விடுவதைப் பழக்குங்கள். வெறும் பிளாஸ்டிக் பேணியைப் பிடித்து ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வைத்து, கையை விரித்து விட வேண்டும். அப்புறம் அரைப்போத்தல் தண்ணீர். அப்புறம் அவருடைய சாமான். உங்கள் வீட்டில் வலை இருக்கும்தானே? ஒரு துண்டு வலையை மேசையில் விரித்து வலக்கையால் இழுத்துக் குவிக்கச் சொல்லுங்கள். வலை பொத்தும்போது கண்ணியை விரித்துப் பிடிக்கும் வேலையை வலக்கையிடம் கொடுங்கள், ஊசி இடக்கையில் இருக்கட்டும். நாற்பது வருடம் அந்தக் கை அறிந்த வேலை. நிலாவெளிப் பக்கம் ஒருவர், என்னோடு கூம்பு அடுக்கும் பயிற்சியை ஐந்து நிமிடத்தில் அலுத்து விட்டுவிடுவார். வலையைக் கொடுத்ததும் முக்கால் மணித்தியாலம் இருந்தார், நான் போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நல்ல கையைக் கட்டிப்போட்டு ஏலாத கையால் செய்ய வைக்கும் முறை ஒன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் உண்டு. 2006இல் வந்த அமெரிக்க ஆய்வில், பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரில் பாதிப்பேர் இரண்டு கிழமை விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதமும் நல்ல கையில் உறை போட்டு, நாளாந்தம் பல மணித்தியாலம் பயிற்சியும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்தும் பலன் இருந்தது. ஆனால் அதில் சேர்த்தவர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தாங்களே நீட்டக்கூடியவர்கள். உங்கள் அப்பா இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இப்போது நல்ல கையைக் கட்டினால் இருக்கிற ஒரு கையையும் பறித்த மாதிரி இருக்கும், மனம் உடைந்துவிடுவார். பின்னால் விரல் நீண்டால், இருந்த இடத்தில் மட்டும், ஒரு மணித்தியாலம் என்று தொடங்கலாம். நடக்கும்போது ஒருபோதும் கட்டக் கூடாது, விழப்போனால் பிடிக்க அந்தக் கை வேண்டும்.

இப்போதைய நிலைக்குப் பொருத்தமானது கண்ணாடிப் பயிற்சி. ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை மேசையில் அவருடைய நெஞ்சுக்கு நேரே நிமிர்த்தி வையுங்கள், கண்ணாடியின் முகம் அவருடைய இடப்பக்கம் பார்த்தபடி. வலக்கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இடக்கையை விரித்து மடக்கியபடி கண்ணாடிக்குள் பார்த்தால் வலக்கை அசைவது போலத் தெரியும். பார்த்துக்கொண்டே வலக்கையையும் அப்படியே செய்ய முயல வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முப்பது நிமிடம், ஐந்தாறு கிழமை. துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்பவர்களுக்காகத் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் தொடங்கிய முறை இது, பின்னர் பாரிசவாதத்துக்கும் வந்தது. கையசைவுக்கு மிதமான பலன் உண்டு என்று தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. ஏன் வேலை செய்கிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. செலவு ஒரு கண்ணாடிதான்.

விரல்களை நீட்டி இழுத்துவிடுவதைப் பற்றியும் ஒரு வரி. நாங்கள் எல்லோரும் செய்யச் சொல்கிறோம். 2017இல் வந்த பெரிய மீளாய்வு, சில மாதங்கள் இப்படி இழுத்துவிடுவதால் மூட்டசைவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று முடிவு சொன்னது. நான் இன்னும் காலையும் மாலையும் மெதுவாக விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கழுவித் துடைத்து, நகம் வெட்டச் சொல்கிறேன். உள்ளங்கை அவிந்து மணக்காமல் இருக்கவாவது அது தேவை. ஆனால் அதற்கு ஒரு மணித்தியாலத்தைச் செலவழிக்காதீர்கள். அந்த நேரத்தை எழும்பி இருக்கும் பயிற்சிக்குக் கொடுங்கள்.

எண்ணெய் தேய்ப்பு, ஒத்தடம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியிருப்பார்கள் அல்லது சொல்லப்போகிறார்கள். எண்ணெய் மெதுவாகத் தேய்த்தால் உடம்புக்கு இதம், வலி குறையலாம், அப்பாவுக்கும் உங்களுக்கும் ஆறுதல். தாராளமாகச் செய்யுங்கள். அதனால் அசைவு திரும்பும் என்று மட்டும் எண்ணிப் பயிற்சியைக் குறைக்க வேண்டாம், தோளை முறுக்கிப் பிடிக்கும் தேய்ப்பும் வேண்டாம். சித்த மருத்துவரிடம் போவதானால் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கிளினிக்கில் தரும் குளிசைகளை நிறுத்தாதீர்கள். சூடுதான் எனக்குப் பயம். வழங்காத பக்கத்தில் சூடு தெரியாமல் இருக்கலாம். சுடுமணல் ஒத்தடத்தாலும் சுடுதண்ணீர்ப் போத்தலாலும் கொப்புளித்த கையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு நோவே தெரியவில்லை. கன்னியாவில் ஏழு கிணற்றிலும் ஏழு விதச் சூடு. போவதென்றால் உங்கள் கையால் பார்த்து, இளஞ்சூடான தண்ணீரை மட்டும் வாருங்கள். ஈரப்படியில் அவரை நிற்க வைக்காதீர்கள்.

பேச்சு குறைவு என்றீர்கள். வலப்பக்கம் வழங்காதவர்களுக்கு இது அடிக்கடி வரும், மொழிக்கான பகுதியும் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தில் இருப்பதால். அவர் சொன்னதைச் செய்யவில்லை என்றால் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம், விளங்காமலும் இருக்கலாம். நீளமாகச் சொல்லாதீர்கள். நீங்களே ஒருமுறை செய்து காட்டி, "எழும்புங்கோ" என்று ஒரு சொல். பதிலுக்குப் பத்து விநாடி பொறுத்திருங்கள். நான்கு பேர் சுற்றி நின்று நான்கு விதமாகச் சொன்னால் எந்த மனிதனுக்கும் குழம்பும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் சொல்லிக்கொடுக்கட்டும்.

மூன்று மாதக் கணக்குக்கு வருகிறேன். அதில் பாதி சரி. முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாகத் திரும்பும், அதன்பிறகு வேகம் குறையும், இது உறுதியாகத் தெரிந்த விசயம். ஆகவே அடுத்த ஆறு கிழமையை வீணாக்க வேண்டாம். ஆனால் மூன்றாம் மாதக் கடைசியில் கதவு எதுவும் மூடுவதில்லை. நல்ல கையில் உறை போட்ட அந்த அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் மூன்று மாதம் தாண்டியவர்கள்தான். ஒரு வருடம் கழிந்தும் பயிற்சியால் நடை வேகம் கூடியவர்கள், கையால் ஒரு புது வேலையைப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிழமை முன்னேற்றமே இல்லாமல் இருக்கும், இரண்டு நாள் பின்னுக்குப் போன மாதிரியும் இருக்கும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு கொப்பியில் எத்தனை தடவை எழும்பினார், எவ்வளவு தூரம் நடந்தார் என்று எழுதுங்கள், மாதத்துக்கு மாதம் பார்த்தால்தான் தெரியும்.

அவர் களைப்பார். பாரிசவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சோம்பல் இல்லை, மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பின் ஒரு பகுதி. பதினைந்து இருபது நிமிடப் பயிற்சி, பிறகு ஓய்வு என்று நாளைப் பிரியுங்கள். தொடர்ந்து இரண்டு கிழமை சாப்பாட்டில் விருப்பமில்லை, அழுகிறார், யாரோடும் இருக்க விரும்பவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்து உண்டு, அதைக் கவனிக்காவிட்டால் பயிற்சியும் ஓடாது. வீட்டில் ஒன்று செய்யலாம்: இடக்கையால் அவரே சாப்பிடட்டும், சட்டையை அவரே போடட்டும், ஏலாத கையை முதலில் நுழைத்து. அரை மணித்தியாலம் எடுக்கும். பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். இருந்தும் பொறுங்கள், நாங்கள் ஊட்டிவிடும் ஒவ்வொரு தடவையும் அவருடைய பயிற்சி ஒன்று குறைகிறது.

பயிற்சிக்கு முன் பிரஷர் பார்க்க வசதி இருந்தால் பாருங்கள். 180க்கு 110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், டொக்டரிடம் காட்டுங்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலி, வழமைக்கு மாறான மூச்சிரைப்பு, தலைசுற்று வந்தால் உடனே நிறுத்தி இருத்துங்கள், தணியாவிட்டால் ஆஸ்பத்திரி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால் அதைத் தேய்க்காமல் அன்றே கொண்டுபோங்கள், இரத்தக்கட்டியாக இருக்கலாம். முகம் கோணுதல், புதிதாக ஒரு கை கால் விழுதல், பேச்சு திடீரென்று இன்னும் மோசமாதல், இதுவரை வராத மாதிரித் தலையிடி, வலிப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அடியுங்கள். அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள்தான் பொதுவாகப் போட முடியும், டொக்டர் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான்.

திரும்பவும் கடலுக்குப் போவாரா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். போவார் என்று சொல்லி உங்களைச் சந்தோசப்படுத்த எனக்கு மனமில்லை, போகமாட்டார் என்று சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை. ஏழாம் வாரத்தில் பிடித்து நிற்கிறவர்களில் பலர் வீட்டுக்குள் தாங்களாக நடக்கும் நிலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆடுகிற வள்ளத்தில் நின்று வலை இழுப்பது அதைவிடப் பலமடங்கு கடினம். அடுத்தமுறை பிசியோவுக்குப் போகும்போது இரண்டு விசயம் கேட்டு வாருங்கள்: வலது தோள்மூட்டு இறங்கியிருக்கிறதா, விரல் நீட்டும் தசையில் ஏதாவது துடிப்பு இருக்கிறதா. அவர் சொல்வதை எழுதி அனுப்பினால் கைப்பயிற்சியை இன்னும் பொருத்தமாகச் சொல்ல எனக்கு முடியும். அதுவரை நாளைக் காலையிலேயே மரக்கதிரையைச் சுவரோடு போட்டு முதல் ஐந்தைத் தொடங்குங்கள்.